விருந்தாளி மைக்கில் ஒரு மூச்சு

"சவுண்டு சுத்தமா இருக்கும்மா. ஆனா விருந்தாளி மைக்குல மூச்சு ஜாஸ்தி. அவங்கள கொஞ்சம் தள்ளி உக்காரச் சொல்லு" என்றார் எடிட்டர்.

போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு சிட்டுவின் பள்ளிச் சீருடையை மடித்துக்கொண்டிருந்தவள், மடிப்பதை நிறுத்தவில்லை. "விருந்தாளியே இல்லையேண்ணே. ரெக்கார்டிங் நாளைக்குத்தான். மைக்கெல்லாம் வேலை செய்யுதான்னு பார்க்க நான் அனுப்பினது வெறும் ஒத்திகை. ரூம்ல நான் மட்டும்தான் இருந்தேன்."

"அப்ப நீதான் விட்டிருப்ப."

"என் மைக் வேற, அது வேற."

"அட போம்மா. மூணு மாசமா மூடி வச்ச மைக்கு. உள்ள எலி குடும்பம் நடத்துதோ என்னவோ." சிரித்தார். துக்க வீட்டுக்குப் போன் செய்கிறோம் என்பதால் ஒரு ஜோக்கில் ஆரம்பித்து, அதை எங்கே முடிப்பது என்று தெரியாமல் விழிக்கும் மனிதர். "பாப்பா ஏதாவது…?"

"இன்னும் இல்லண்ணே."

"சரி சரி. வேளைக்குச் சாப்பிடு" என்று வைத்துவிட்டார்.

சிட்டு அவளுடைய தங்கையின் மகள். ஐந்து வயது. அப்பா என்கிற மனிதர் எப்போதோ கழன்றுகொண்டுவிட்டார். சாலையில் ஒரு திருப்பம், ஒரு லாரி, அம்மாவும் போய்விட்டாள். அது நடந்து தொண்ணூற்று நான்கு நாள். சிட்டு ஒரு வார்த்தை பேசியும் தொண்ணூற்று நான்கு நாள். சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், செருப்பை இடம் வலம் மாற்றாமல் போட்டுக்கொள்கிறாள். வாய் மட்டும் திறப்பதில்லை. டாக்டர்கள் தொண்டையைப் பார்த்தார்கள், காதைப் பார்த்தார்கள், எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார்கள். நன்றாக இருக்கிறதாம்.

செய்தியைச் சிட்டுவிடம் சொன்னது அவள்தான். சொல்லி முடித்து, "பெரியம்மா சொன்னது புரிஞ்சுதாடா?" என்று கேட்டாள். குழந்தை தலையை ஆட்டியது. அதோடு சரி. எட்டு வருடத்தில் நூற்று நாற்பது பேரை உட்காரவைத்துப் பேட்டி எடுத்தவள் தன் வாழ்க்கையில் கேட்ட ஆக மோசமான கேள்வி அது. தலையாட்டி முடித்துவிடக்கூடிய கேள்வி. அதற்குப் பிறகு அவளுக்கு அழுகைகூட வரவில்லை. பல் பிடுங்கப் போட்ட ஊசி உடம்பு முழுக்கப் பரவிவிட்டதுபோல இருந்தது. எங்கே கடித்துக்கொண்டாலும் வலிக்காது, கடித்தோம் என்பது மட்டும் தெரியும்.

பாட்காஸ்ட் அக்கா தங்கை இரண்டு பேரும் சேர்ந்து நடத்தியது. குரல் இவளுடையது. கேள்வி தங்கையுடையது. முப்பத்திரண்டு வயதிலும் இவளுக்கு அவள் 'குட்டி'தான். விருந்தாளி யார் என்று முடிவானதும் குட்டி ஒரு வாரம் காணாமல் போவாள். அவர் எழுதியது, பேசியது எல்லாவற்றையும் படிப்பாள். பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவர்களைத் தேடிப் போன் செய்வாள். இதுவரை யாரும் கேட்காத ஒரு கேள்வியோடு திரும்பி வருவாள். பிறகு ஒத்திகை. விருந்தாளி நாற்காலியில் தானே உட்கார்ந்துகொண்டு, உலகத்திலேயே படுமோசமான விருந்தாளியாக நடிப்பாள். கேள்வியில் கொஞ்சம் இடம் கொடுத்தால் போதும், "ஆமாங்க" என்று கொட்டாவி விடுவாள், காகிதத்தில் அந்தக் கேள்வியை அடித்துவிடுவாள்.

"பதிலைக் கேள்விக்குள்ள வச்சு ஊட்டாதக்கா. வாயைத் துடைச்சிட்டுப் போயிடுவாங்க. 'உங்களுக்கு அது பெரிய அதிர்ச்சியா இருந்திருக்கும் இல்லையா'ன்னு கேட்டா, 'ஆமாங்க, பெரிய அதிர்ச்சி'ம்பாங்க. உன் வார்த்தையையே உனக்குத் திருப்பிக் குடுப்பாங்க. அப்புறம் நீ யாரைப் பேட்டி எடுத்தேன்னு சொல்லு பார்ப்போம்."

ஆனால் மைக்கைக் கண்டால் ஓட்டம்தான். ரெக்கார்டரை அணைத்த பிறகுதான் நாற்காலியில் உட்காருவாள். அதனால் குட்டியின் குரல் ஒரு நொடிகூட எதிலும் பதிவாகவில்லை. ஒலிப்பதிவையே தொழிலாக வைத்திருந்த வீட்டில் அவள் குரல் இல்லை. இதைவிடக் கேவலம் வேறு இருக்க முடியாது என்று அக்காவுக்குத் தோன்றும், தோன்றிவிட்டு அதுவும் மரத்துப்போகும்.

நாளைய விருந்தாளி குழந்தைகள் மனநல மருத்துவர், பேச்சை நிறுத்திவிட்ட குழந்தைகளோடு இருபது வருடம் வேலை பார்த்தவர். நேயர்களுக்காக அவரைக் கூப்பிட்டேன் என்று சொன்னால் வாய் வெந்துவிடும். சிட்டுவுக்காகத்தான் கூப்பிட்டிருந்தாள். சரியான கேள்வியைக் கேட்டால் சரியான பதில் வரும், அந்தப் பதிலில் சிட்டுவின் வாய் திறக்கும். அவளிடம் மிச்சமிருந்த நம்பிக்கை அவ்வளவுதான்.

மணி மூன்றரை. வெளியே மழை. பள்ளியிலிருந்து வந்த சிட்டு பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். இவள் ரெக்கார்டிங் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

ஒரு காலத்தில் அது சாமான் போடும் அறை. ஜன்னல் கிடையாது. எதிரொலி வராமலிருக்க நான்கு சுவரிலும் தடித்த கம்பளிகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். கதவைச் சாத்தியதும் மழைச் சத்தம் அந்தக் கம்பளிகளுக்குள் எங்கேயோ போய் ஒளிந்துகொள்ளும், மூன்று மாதத் தூசியும் சூடேறிய ஒயரும் கலந்த வாடை மூக்கில் ஏறும், கொஞ்ச நேரத்தில் தன் காதுக்குள் தன் ரத்தம் ஓடுவதே கேட்க ஆரம்பிக்கும். எதிரெதிராக இரண்டு நாற்காலிகள், நடுவில் சின்ன மேசை, மேசைமேல் ரெக்கார்டர். அதில் இரண்டு வரிசைப் பச்சை விளக்குகள். மேல் வரிசை அவள் மைக்குக்கு, கீழ் வரிசை விருந்தாளி மைக்குக்கு. பேசினால் விளக்கு ஏறும், நிறுத்தினால் இறங்கும்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு காலையில் எடுத்த ஒத்திகையைப் போட்டாள். அவள் குரல் முதல் கேள்வியைக் கேட்டது. பிறகு, எதிரில் ஆள் இருந்தால் பதில் சொல்ல எடுத்துக்கொள்ளும் நேரத்துக்கு அவள் விட்டிருந்த இடைவெளி. அந்த இடைவெளியில் மூச்சு கேட்டது.

சும்மா விடுகிற மூச்சு இல்லை. பேசப்போகிறவர் வாயைத் திறப்பதற்கு முன்னால் உள்ளே இழுக்கிற மூச்சு. எட்டு வருடமாக எடிட்டரோடு உட்கார்ந்து அதைத் துண்டுதுண்டாக வெட்டி எறிந்தவளுக்கு அது தெரியாதா? பன்னிரண்டு கேள்விகள். பன்னிரண்டு முறையும் அந்த மூச்சு உள்ளே போனது. பன்னிரண்டு முறையும் அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒத்திகையைத் திரும்ப எடுத்துவிடலாம், சுத்தமாக இருக்கும் என்றுதான் தோன்றியது. ரெக்கார்டரை ஓடவிட்டு, காகிதத்தை எடுத்து, காலி நாற்காலியைப் பார்த்து வாசித்தாள்.

"பேச்சை நிறுத்திட்ட ஒரு குழந்தை முதல் தடவை உங்க முன்னால வந்து உக்காரும்போது, நீங்க என்ன செய்வீங்க?"

காத்திருந்தாள். ஹெட்போனில் மூச்சு உள்ளே போனது. கீழ் வரிசையில் ஒரே ஒரு பச்சைப் புள்ளி எரிந்து அணைந்தது. ஹெட்போனை ஒரு காதிலிருந்து தள்ளிப் பார்த்தாள். அறையில் சத்தமே இல்லை. திரும்ப மாட்டினால் அந்தப் பக்கம் யாரோ வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி ஒரு ஈரமான அமைதி.

"யாரு?" என்றாள்.

மூச்சு. ஒன்றுமில்லை.

"எங்கேருந்து வர்றீங்க?"

மூச்சு. ஒன்றுமில்லை.

இரண்டும் நல்ல கேள்விகள்தான். குட்டி இருந்தால் அடித்திருக்க மாட்டாள். குட்டி இருந்தால். அந்த நினைப்பு வந்த வேகத்தில், யோசிப்பதற்குள் வாய் கேட்டுவிட்டது.

"குட்டி, நீயா?"

கீழ் வரிசை விளக்குகள் நிதானமாக ஏறின.

"ஆமா" என்றது ஹெட்போனில் ஒரு பெண்குரல். "குட்டி."

அவள் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். மரத்துப்போன இடத்தில் முதல்முறையாக ஏதோ குறுகுறுத்தது. அப்புறம் கேள்விகளை நிறுத்த முடியவில்லை. காகிதம் எங்கே விழுந்தது என்றே தெரியவில்லை. தொழில் தெரிந்தவள் செய்கிற காரியமா இது? தொழிலா முக்கியம் அப்போது?

"ரொம்ப வலிச்சுதாடி?"

"ரொம்ப வலிச்சுது."

"லாரி வந்தது உனக்குத் தெரியலதானே?"

"தெரியல."

"கடைசியா சிட்டுவத்தான் நினைச்சியா?"

"சிட்டுவத்தான் நினைச்சேன்."

"என்மேல கோவமா? அவகிட்ட நான் சரியாச் சொல்லலன்னு கோவமா?"

கொஞ்சம் தயங்கியது. "கோவம்" என்றது.

அது அவளுக்குச் சரியாகப் பட்டது. கோபம் இருக்கத்தானே செய்யும்? தான் செய்ததற்கு யாராவது திட்டமாட்டார்களா என்று மூன்று மாதமாகக் காத்திருந்தவளுக்கு, அந்த ஒரு சொல் உடம்பெல்லாம் சுரீரென்று இறங்கியது. எவ்வளவு நேரம் பேசினாளோ. அம்மா மகளுக்கு என்ன கதை சொல்லுவாள், எப்படித் தட்டித் தூங்கவைப்பாள், கொஞ்சும்போது என்ன சொல்லிக் கொஞ்சுவாள் என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்து, ஞாபகம் இருக்கா, ஞாபகம் இருக்கா என்று கேட்டுக்கொண்டே போனாள். ஞாபகம் இருக்கு, ஞாபகம் இருக்கு என்றது அது.

"சிட்டு எப்ப பேசுவா குட்டி?"

மூச்சு. ஒன்றுமில்லை.

"நீ கூப்பிட்டா பேசுவாளா?"

"கூப்பிட்டா பேசுவா."

"அப்ப கூப்பிடேன்டி. உனக்குப் புண்ணியமாப் போகும். கூப்பிடுவியா?"

"கூப்பிடுவேன்."

"இப்ப தூங்குறா" என்றாள் அவள். அதற்குப் பிறகும் ஒன்றிரண்டு வார்த்தை பேசிக்கொண்டார்கள். அவள் அப்போதுதான் அழ ஆரம்பித்திருந்தாள், தொண்ணூற்று நான்கு நாளில் முதல்முறையாக. முகத்தைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது கீழ் வரிசையில் ஒரு புள்ளியும் இல்லை. மூச்சும் இல்லை. கூப்பிட்டுப் பார்த்தாள். மைக் வெறும் மைக்காக இருந்தது.

எந்தப் பதிவு முடிந்தாலும் உடனே எழுதிவைப்பது பழக்கம். நோட்டில் நடுவே ஒரு கோடு. இடது பக்கம் கேள்வி, வலது பக்கம் பதில். ஃபைலைத் திரும்ப ஓடவிட்டு எழுத ஆரம்பித்தாள். குட்டி பேசியதில் ஒரு வார்த்தை விட்டுப்போகக் கூடாது.

ஒரு பக்கம் நிறைந்தது. அடுத்த பக்கத்தைப் புரட்டுவதற்கு முன்னால், பேனா நின்றது.

வலது பக்கத்தைப் படித்தாள். இடது பக்கத்தைப் படித்தாள். திரும்ப வலது பக்கம்.

முதலில் சொன்ன 'ஆமா'வைத் தவிர, வலது பக்கத்தில் இருந்த ஒவ்வொரு வார்த்தையும் அதற்கு முன்னால் இடது பக்கத்தில் இருந்தது. வலி அவள் கொடுத்தது. லாரி அவள் கொடுத்தது. சிட்டு, கோபம், ஞாபகம், எல்லாம் அவள் கொடுத்தது. அவள் சொல்லாத எதுவும் அதற்குத் தெரியவில்லை. யார் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. எங்கிருந்து என்று கேட்டதற்குப் பதில் இல்லை. பெயரைக்கூட அவள்தான் ஊட்டினாள்.

குரலை இன்னொரு முறை போட்டுக் கேட்டாள். ஒலியைக் கூட்டிக் கேட்டாள். தங்கச்சி குரல் அக்கா குரல் மாதிரிதானே இருக்கும் என்று அதுவரை காது சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தது. இல்லை. மாதிரி இல்லை. அது அவளுடைய குரலேதான். நூற்று நாற்பது பேரைப் பேசவைத்த குரல். நிதானமாக, அன்பாக, அவசரமே இல்லாமல்.

இப்போது பயம் வந்தது. மூன்று மாதப் பாக்கியும் சேர்த்து மொத்தமாக வந்தது.

இன்னும் ஒரு நிமிடப் பதிவு பாக்கியிருந்தது. கேட்க வேண்டாம் என்று மனசு அடித்துக்கொண்டது. ஓடவிட்டாள்.

"இப்ப தூங்குறா" என்றது அவள் குரல், அழுகைக்கு நடுவே.

மூச்சு உள்ளே போனது. நீளமாக.

"எங்க?"

இடது பக்கத்தில் இல்லாத வார்த்தை. அது தானாகக் கேட்ட முதல் கேள்வி. சின்னக் கேள்வி. ஆமாம் இல்லை என்று தப்பிக்க முடியாத கேள்வி. பதிலைத் தனக்குள் வைத்திருக்காத கேள்வி.

"பக்கத்து ரூம்ல" என்று அவள் சொல்லியிருந்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "கட்டில்ல."

ஹெட்போனைக் கழற்றி எறிந்தாள்.

கம்பளிச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, மங்கலாக, ஒரு குழந்தை பேசும் சத்தம் கேட்டது.

சிட்டு பேசிக்கொண்டிருந்தாள்.

அந்தக் கணத்தில் வந்தது சந்தோஷம்தான். பொய் சொல்வானேன்? கொஞ்சம் கீச்சென்று, வார்த்தைகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றிக்கொண்டு, மூச்சு வாங்கப் பேசுகிற அதே குரல். இந்தச் சத்தத்துக்காக அவள் எந்தத் தெய்வத்திடம் கெஞ்சவில்லை? ஒரு நொடி அப்படியே நின்று கேட்டாள். பிறகுதான் அந்தப் பேச்சின் நடுவே வரும் இடைவெளிகள் உறைத்தன. சிட்டு யாருக்கோ பதில் சொல்கிறாள்.

கதவைத் திறந்தாள். நடையில் மழை வெளிச்சம், சாம்பல் நிறம். ஈரத்துணி வாடை. தரை சில்லென்றிருந்தது. ஆறு அடி தூரம். நடந்தாள். சிட்டுவின் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே இருந்து இவளுடைய சொந்தக் குரல் கேட்டது. ஹெட்போனில் இல்லை. வீட்டுக்குள். காற்றில்.

"அப்புறம்?" என்றது.

கதவைத் தள்ளினாள்.

சிட்டு கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். தூங்கியெழுந்த முகம். கண் இரண்டும் பளபளவென்றிருந்தன. அவளுக்கு எதிரே, கால்மாட்டில், போர்வை உட்கார்ந்திருந்தது. ஆள் உயரத்துக்கு. உள்ளே எதுவோ இருந்தது. தோள் இல்லை. கை இல்லை. தலை இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஒரு உருண்டை. வழவழவென்று.

"பெரியம்மா!" சிட்டு திரும்பிச் சிரித்தாள். "அம்மாவுக்கு ஒண்ணுமே தெரியல பெரியம்மா. எல்லாம் மறந்துபோச்சாம். நான்தான் சொல்லித் தர்றேன்!"

அவள் உள்ளே ஒரு அடி எடுத்து வைத்தாள்.

"கண்ணு எங்க இருக்கும்?" என்று கேட்டது போர்வை. நிதானமாக. அன்பாக.

"அய்யோ, இதுகூடவா தெரியாது? இங்க ஒண்ணு. இங்க ஒண்ணு." சின்ன விரல் போர்வையை இரண்டு இடத்தில் குத்தியது. விரலை எடுத்த பிறகும் குழிகள் அப்படியே இருந்தன. கொஞ்ச நேரம் கழித்து, இரண்டும் ஒன்றாக அசைந்தன.

"மூக்கு?"

"நடுவுல!"

நடுவில் துணி மெல்லப் புடைத்தது.

பேசாதே. அதைத்தான் சொல்ல வேண்டும். பதில் சொல்லாதே, வாயை மூடு, ஒரு வார்த்தைகூடப் பேசாதே சிட்டு. நாக்கு நுனி வரை வந்துவிட்டது. தொண்ணூற்று நான்கு நாள். ஒரு வார்த்தைக்காகத் தொண்ணூற்று நான்கு நாள். சிட்டு சிரித்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் குழி விழச் சிரித்துக்கொண்டிருந்தாள். இப்போது பேசாதே என்று சொன்னால் இந்தக் குழந்தை இனி எப்போது பேசும்?

அந்த ஒரு நொடி தாமதித்தாள்.

"நான் எப்படிச் சிரிப்பேன்?" என்று கேட்டது அது. கேட்டுவிட்டு, அவசரப்படுத்தாமல், காத்திருந்தது.

சிட்டு யோசித்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, கூரையைப் பார்த்து, ஐந்து வயது எவ்வளவு கவனமாக யோசிக்குமோ அவ்வளவு கவனமாக.

"எங்க அம்மா எப்படிச் சிரிப்பாங்க தெரியுமா?" என்று இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டினாள். "இ…வ்…ளோ பெருசா!"

அந்தப் புடைப்புக்குக் கீழே போர்வை ஓர் ஓரத்திலிருந்து கிழிய ஆரம்பித்தது. நூல் நூலாக. சிட்டுவின் இந்தக் கையிலிருந்து அந்தக் கை வரைக்கும்.

அது போதாது என்று, சிட்டு கைகளை இன்னும் விரித்தாள்.